பம்பரத்தின் கைராசி

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தில் அவள் பம்பரம். வீட்டில் அம்மாவுக்கு ‘அடியே’. நாற்காலியைக் கண்டுபிடித்தவன் இவளை ஒரு நாள் பார்த்திருந்தால் அந்த யோசனையையே கைவிட்டிருப்பான். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். நின்றால் விரல்கள் மேசையில் தாளம் போடும். லிப்ட் பொத்தானை நாலைந்து தரம் அழுத்திவிட்டு, அது வருவதற்குள் படியேறிப் போய்விடுவாள். டீப் பொட்டலத்தை வெந்நீரில் காட்டிவிட்டு எடுத்து, நிறமே இல்லாத அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, “நல்லா இருக்கே!” என்பாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவள் என்று பெற்றவளே சொன்னால் மற்றவர்கள் என்ன சொல்ல முடியும்?

இப்படிப்பட்டவள் எடுத்துக்கொண்ட வேலையோ பொறுமைசாலிகளின் வேலை. ஒரு மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சொல்ல எளிது. மரபணு என்பது நீளமான ஒரு நூல். செல்லோ முன்பின் தெரியாதவரை வாசலோடு திருப்பி அனுப்புகிற வீட்டுக்காரி. வெறும் நூலாகப் போனால் உள்ளே விடாது. போகிற வழியிலேயே அது துண்டு துண்டாகிவிடும். ஆகவே நூலைப் பொட்டலம் கட்ட வேண்டும். பெப்டைடு எனப்படும் சின்னஞ்சிறு புரதத் துண்டுகள்தான் பொட்டலக் காகிதம். நூலில் எதிர் மின்னூட்டம், பெப்டைடில் நேர் மின்னூட்டம். இரண்டையும் உப்புக் கரைசலில் கலந்தால் ஒன்றையொன்று இழுத்துச் சுருட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாகிவிடும். செல் அதைத் தீனி என்று நினைத்து விழுங்கிவிடும். உள்ளே போன மரபணு, பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பச்சை தெரிந்தால் பொட்டலம் போய்ச் சேர்ந்தது. இருட்டாக இருந்தால் சேரவில்லை. இதில் வாதாட ஒன்றுமில்லை.

பம்பரம் வடிவமைத்த பெப்டைடு ஒவ்வொரு முறையும் பச்சை காட்டியது. கொஞ்சநஞ்சப் பச்சை இல்லை, கண் கூசுகிற பச்சை. கட்டுரை அச்சில் வந்தது. வேறொரு ஊரில் ஈரல் நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடம் ஒன்று, ‘எங்கள் எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கிறோம்’ என்று முன்வந்தது. அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம், “எம்பொண்ணு செல்லுக்கு பார்சல் அனுப்புறா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரே ஒரு சங்கடம். பம்பரம் செய்தால் பச்சை. மற்றவர் யார் செய்தாலும் இருட்டு.

பக்கத்து மேசைக்காரன் முயன்றான். அவன் பெயர் நிதானம். அவளைவிட வயதில் சிறியவன், அக்கா அக்கா என்று சுற்றி வருபவன். கூரை இடிந்து விழுந்தாலும் கையிலிருக்கும் சொட்டை விட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்வான். அவள் எழுதியதை வரி வரியாகப் படித்து, வரி வரியாகச் செய்தான். இருட்டு. மறுபடி செய்தான். மறுபடியும் இருட்டு.

“உங்க கைராசிக்கா அது. நமக்கு வாய்க்கல” என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவனுக்குக் கை நடுங்கியிருக்கும், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நினைத்துக்கொண்டாள். கோணல் எங்கே இருந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

பிறகு வெளியூர்க்காரர்களிடமிருந்து போன் வந்தது. அவர்களுக்கும் இருட்டு. ஒரு முறை இல்லை, மூன்று பேர் மாறி மாறிச் செய்தும் இருட்டு. அன்று முதல் கைராசி என்ற சொல்லை யாரும் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அவள் டீ எடுக்கப் போனால் அந்த அறையில் பேச்சு நின்றது. கட்டுரையில் வந்த படத்தைத் தொட்டுத் திருத்தியிருப்பாளோ, வேறு எதையாவது ஊற்றியிருப்பாளோ என்று ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள்.

ஆய்வுக்கூடத் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். அதிகம் பேசாதவர். பேசினால் மறுபேச்சு இருக்காது. பம்பரத்தைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“உன் கையில மட்டும் நடக்குதுன்னா அதுக்கு என்னம்மா பேரு?”

“தெரியல மேடம். ஆனா நடக்குது. பொய் இல்ல.”

“கைராசின்னு எழுதி அனுப்ப முடியாது. புதன்கிழமை என் பக்கத்துல உக்காந்து நீயே பண்ணு. நான் பாக்குறேன். பச்சை வந்தா நான் உனக்காக எல்லார்கிட்டயும் பேசுவேன். வரலன்னா திங்கட்கிழமை கட்டுரையைத் திரும்ப எடுத்துக்குறோம்னு பத்திரிகைக்கு எழுதிடுவேன். எலி வேலையும் நின்னுடும்.”

கட்டுரையைத் திரும்ப எடுப்பது என்றால் என்ன என்று அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பொய் சொன்னவள் என்று நெற்றியில் எழுதி ஒட்டுவதுதான். அதன் பிறகு எந்த ஆய்வுக்கூடமும் வாசல்படி ஏற விடாது. ஆனாலும் புதன்கிழமை பச்சை வரும் என்பதில் பம்பரத்துக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இத்தனை நாள் வந்தது, அன்றைக்கு மட்டும் கோபித்துக்கொண்டா போகும்?

புதன்கிழமை மேடம் தன் நாற்காலியை இழுத்து அவள் மேசையருகே போட்டுக்கொண்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தார். பம்பரம் உப்புக் கரைசலை எடுத்தாள். மரபணுவை விட்டாள். பெப்டைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தாள். விரலால் குழாயைச் சுண்டினாள்.

“இப்ப அரை மணி நேரம் அப்படியே வைக்கணும் மேடம். பொட்டலம் நல்லா இறுகணும்.”

“வை” என்று மேடம் டைமரைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

ஐயோ, அந்த அரை மணி! பம்பரத்தின் முழங்கால் ஆடியதில் மேசையே அதிர்ந்தது. மேடம் தன் கையை அந்த முழங்கால் மேல் வைத்து நிறுத்தினார். எழுந்து நடக்க முடியவில்லை, கழுவுதொட்டிக்குப் போய்க் கையை நனைக்க முடியவில்லை. குளிர்பெட்டி முனகுவது கேட்டது. டைமரை எட்டிப் பார்த்தால் பாதிகூட ஆகவில்லை. இவ்வளவு நேரமா ஆகும் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தை அப்போதே பிடித்து நிறுத்திக் கேட்டிருந்தால் பாதி அல்லல் மிச்சமாகியிருக்கும். அவள் எதைத்தான் நிறுத்தினாள், அதை நிறுத்த?

டைமர் ஒலித்தது. கலவையைச் செல்கள் மேல் விட்டார்கள். செல்கள் இருந்த தட்டை, சூடு மாறாமல் வைக்கும் இன்குபேட்டரில் வைத்து மூடினார்கள்.

மறுநாள் மைக்ரோஸ்கோப் அறையில் விளக்கை அணைத்துவிட்டு மேடம் முதலில் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து இடம்விட்டார். பம்பரம் பார்த்தாள். இருட்டு. தட்டை நகர்த்தினாள், குமிழைத் திருகினாள், மூலை முடுக்கெல்லாம் தேடினாள். ஒரு புள்ளி பச்சை இல்லை. செத்து உருண்டை பிடித்த செல்கள்தான் அங்கங்கே மிதந்தன.

“கட்டுரையில இருக்குற படமெல்லாம் எப்படிம்மா வந்துச்சு?” மேடத்தின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

“நான் எடுத்ததுதான் மேடம். சத்தியமா. என் கண்ணால பாத்து எடுத்தேன்.”

“நேத்து நான் பாத்ததும் என் கண்ணாலதான்.”

அவ்வளவுதான். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவள் நடந்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. திருடியிருந்தால்கூட இத்தனை எரியாது. எடுக்காத பொருளுக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டது போல இருந்தது. நிதானம் பின்னாலேயே வந்தான்.

“அக்கா, பெப்டைடு பழசாயிடுச்சுன்னு சொல்லிடலாம். யாரு போய் ஆராயப் போறா?”

“பழசாகலடா. போன வாரம்தான் புதுசு பிரிச்சேன்.”

“அப்ப என்னதான்க்கா ஆச்சு?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா! போடா அந்தப் பக்கம்” என்று எரிந்து விழுந்தாள். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அதற்கும் சேர்த்து மனசு கசந்தது.

மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா படுக்கையறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கண்புரைக்கு அறுவை செய்து சில வாரங்கள் ஆகின்றன. ஆற வேண்டிய கண் ஆறவில்லை. முயல் கண்ணாகச் சிவந்து நீர் வடிந்தது. அன்று காலைதான் பக்கத்து வீட்டுக்காரியோடு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“மருந்து விடணும்மா. படு” என்றாள் பம்பரம். இரண்டு புட்டிகள். முதல் மருந்தில் ஒரு சொட்டு. ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது மருந்தில் ஒரு சொட்டு. அம்மா படுத்துக் கண்ணை விரித்தாள். முதல் சொட்டு விழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பம்பரம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள், செருப்பை ஓரமாகத் தள்ளினாள், திரும்பி வந்து இரண்டாவது புட்டியைத் திறந்தாள்.

“கண்ணைத் திறம்மா. அடுத்தது.”

அம்மா திறக்கவில்லை. “அஞ்சு நிமிஷம் ஆச்சா?”

“ஆச்சு.”

“அடியே, எனக்கு மூடியிருக்கிறது கண்ணுதான். காது இல்ல. நீ ஜன்னலைச் சாத்தின சத்தம் இன்னும் அடங்கல, அதுக்குள்ள அஞ்சு நிமிஷமா?”

“ரொம்ப நேரமான மாதிரி இருந்துச்சும்மா...”

“உனக்கு இருக்கும்டி! வாய் கொப்புளிக்கச் சொன்னா ஆச்சு. சாதம் வெந்துச்சான்னா ஆச்சு. சின்னதுலேருந்து உன் வாயில எல்லாமே ஆச்சுதான். நானும் போனா போகுதுன்னு விட்டேன்.” அம்மாவின் குரல் உடைந்தது. “டாக்டர் இன்னிக்கு என்ன கேட்டாரு தெரியுமா? ரெண்டையும் ஒண்ணா ஊத்துறீங்களா, ஒண்ணை ஒண்ணு அடிச்சிட்டுப் போயிடுதேன்னாரு. எம்பொண்ணு படிச்சவ, கரெக்டா அஞ்சு நிமிஷம் விட்டுத்தான் ஊத்துறான்னு உனக்காக அடிச்சுப் பேசிட்டு வந்தேன். தெரிஞ்சேதான் பேசினேன். இது என் கண்ணுடி!”

பம்பரம் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முழங்கால் ஆடவில்லை. முதலில் அம்மாவின் கண் தெரிந்தது. அந்தச் சிவப்பு தன் கைவேலை. வெட்கம் காது வரை சுட்டது. அதன் பின்னாலேயே ஆய்வுக்கூட மேசை தெரிந்தது. குழாயைச் சுண்டி வைக்கிறாள். டைமரைத் தட்டுகிறாள். கழுவுதொட்டி வரை போகிறாள். திரும்பி வருகிறாள். ரொம்ப நேரமான மாதிரி இருக்கிறது. டைமரை அணைத்துவிட்டுக் கலவையைச் செல்கள் மேல் விடுகிறாள். ஒவ்வொரு முறையும். ஒரு முறைகூட அது ஒலித்ததை அவள் கேட்டதில்லை. ஆனால் குறிப்பில் ‘அரை மணி நேரம்’ என்றுதான் இருக்கும். அந்த ஆய்வுக்கூடத்தில் எந்தக் கலவைக்கும் அரை மணிதான் வழக்கம். பின்னால் உட்கார்ந்து எழுதும் தொல்லை வேண்டாம் என்று காலையிலேயே எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுத்தான் அவள் குழாயையே தொடுவாள்.

நேற்றுதான், மேடத்தின் கை முழங்கால் மேல் இருந்ததால், வாழ்நாளில் முதல் தடவையாக அரை மணியை முழுசாகக் காத்திருந்தாள்.

“அம்மா” என்றாள். “அம்மா, தப்பு பண்ணிட்டேம்மா.”

“அது தெரியுது. இப்ப உக்காரு. நான் சொல்றப்ப ஊத்து” என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலை யாரும் வருவதற்கு முன்பே அவள் துகள் அளக்கும் கருவியின் முன் இருந்தாள். துகள்களை முன்பே அளந்ததுதான். ஆனால் கருவிக்கு நல்லது என்று எல்லோரும் சுத்தத் தண்ணீரில்தான் அளப்பார்கள். செல்களுக்குப் போவதோ உப்புக் கரைசலில் கலந்தது. அந்த வித்தியாசத்தை ஒருத்தரும் பொருட்படுத்தவில்லை. இன்று உப்புக் கரைசலிலேயே கலந்து உள்ளே வைத்தாள். கலந்தவுடன் துகள்கள் பொடிப்பொடியாக இருந்தன. கொஞ்ச நேரத்தில் இரண்டு மடங்கு. பிறகு நான்கு மடங்கு. கோடு திரையில் ஏறிக்கொண்டே போனது. அரை மணி முடிந்தபோது கரைசல் லேசாகக் கலங்கி, அடியில் கட்டி தட்டியிருந்தது. அந்தக் கட்டியை எந்தச் செல் விழுங்கும்? விழுங்க முயன்றது செத்துத்தான் போயிருக்கும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். சிதறவில்லை, சரி. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டதே!

நிதானம் வந்து திரையைப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் வாயைப் பிளந்தான்.

“அப்ப நான் ஒழுங்கா காத்திருந்ததாலதான் எனக்கு வரலையா? அநியாயமா இருக்கே!” பிறகு மெல்ல, “அக்கா, நீங்க பிழைச்சீங்க. பழைய கதையே பேச வேண்டாம். இந்தப் பெப்டைடு நாளானா உப்புல சீக்கிரம் கட்டுது, அதனால இனிமே கலந்த உடனே விடணும், புதுசா கண்டுபிடிச்சிருக்கேன்னு சொல்லுங்க. உங்க பேரும் கெடாது, வேலையும் நிக்காது.”

நல்ல யோசனை. உண்மையாகவே நல்ல யோசனை. மறுபடியும் வராந்தா, இந்தக் கோடி, அந்தக் கோடி. பொய்யைச் சொன்னால் அவள் கெட்டிக்காரி. உண்மையைச் சொன்னால் அச்சிலேயே பொய் எழுதியவள். புளுகி என்று சொன்னவர்களுக்கு அவளே சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகும். திங்கட்கிழமைக்கு இன்னும் நேரம் இருந்தது. மேடத்தின் கதவை மூன்று முறை கடந்து போனாள். நான்காம் முறை, ‘அதான் சரி, புதுசா கண்டுபிடிச்சோம்’ என்று முடிவே செய்துவிட்டாள். ‘ஆச்சு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தச் சொல் அவளுக்கே கேட்டது. அம்மாவின் கண் நினைவுக்கு வந்தது. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்? கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே போனாள்.

“மேடம், நான் அரை மணி நேரம் காத்திருந்ததே இல்ல. எழுதினது பொய். பச்சை வந்தது நிஜம்.”

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். எல்லாம் முடிந்ததும் மேடம் நிதானத்தைக் கூப்பிட்டார்.

“நீ பண்ணு. ரெண்டு குழாய். ஒண்ணை அரை மணி வை. இன்னொண்ணைக் கலந்த உடனே விடு.”

அவனுக்கு அது எத்தனை பெரிய கொடுமை! கலந்துவிட்டு, சொட்டு விடும் பிப்பெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கை ஓடவில்லை.

“விடுடா!” என்றாள் பம்பரம்.

“இன்னும் கொஞ்சம் இறுகட்டும்க்கா...”

“இறுகினதெல்லாம் போதும், விடு!”

கண்ணை இறுக மூடிக்கொண்டு விட்டான்.

சனிக்கிழமை மைக்ரோஸ்கோப் அறையில் மூன்று பேர். அரை மணி வைத்தது இருட்டு. மற்றதற்குத் தட்டை நகர்த்தியதும் நிதானம், “அய்யய்யோ!” என்று கத்திவிட்டான். பச்சை. தட்டு முழுக்கப் பச்சை. அவன் கையால் வந்த முதல் பச்சை. பம்பரத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

மேடம் கண்ணை எடுத்துவிட்டு விளக்கைப் போட்டார். அவர் சிரிக்கவில்லை.

“திங்கட்கிழமை நான் எழுதுறேன். திரும்ப எடுக்கல, திருத்தம்னு. ‘குறிப்பிட்ட நேரம் காத்திருக்கவில்லை’ன்னு அதுல இருக்கும். உன் பேரும் இருக்கும். எலி வேலை நடக்கும்.”

“தேங்க்ஸ் மேடம்.”

“இரு. இது தெரிஞ்சுது. இன்னும் எதையெல்லாம் செய்யறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்க?”

அது பம்பரத்துக்கே தெரியாது. எந்தக் கழுவலை மூன்று முறை செய்தாள், எதை இரண்டோடு விட்டாள், எந்தத் தட்டை முழு இரவு வைத்தாள், எதை விடிவதற்குள் எடுத்தாள்? எல்லாமே சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தன. எதையும் நம்புவதற்கில்லை.

“எனக்குத் தெரியல மேடம்.”

“அப்ப எல்லாத்தையும் மறுபடி பண்ணணும். முதல்லேருந்து. பக்கத்துல இவன் உக்காருவான். நடந்த பிறகு எழுதணும். எத்தனை மாசம் ஆனாலும் சரி. இது தண்டனை இல்லம்மா. உன் வார்த்தையை நான் நம்பணும்னா வேற வழியில்ல.”

மேடம் போய்விட்டார். பம்பரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். நிதானம் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். மைக்ரோஸ்கோப்பின் திரையில் பச்சை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அன்று மாலை அம்மா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். முதல் சொட்டு விழுந்து, கண் மூடியாயிற்று. பம்பரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். கால் துடித்தது, அதைத் தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தெருவில் ஒரு வண்டி போயிற்று. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நேரம் நகர மறுத்தது.

“ஆச்சாடி?” என்றாள் அம்மா.

“இல்லம்மா” என்றாள் பம்பரம். “இன்னும் ஆகல.”

மூடிய கண்ணோடு அம்மா கையைத் துழாவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.